பார்த்தால் நடுங்க வேண்டும், பழகினாலும் நடுக்கம் போகக் கூடாது

கேள்வி இதுதான்: ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்தி ஆடும் ரோல்பிளேயிங் கேமுக்காக நீங்கள் ஓர் இனத்தை உருவாக்குகிறீர்கள். தோற்றத்தில் கொடூரம், குணத்தில் தங்கம். ஆனால் ஆட்டத்தில் இறக்கியதும் இரண்டில் ஒன்று நடந்துவிடுகிறது. ஆட்டக்காரர்கள் கண்டவுடன் வாளை உருவுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரே அமர்வில் அந்த இனத்தைச் செல்லப்பிராணி ஆக்கிவிடுகிறார்கள். எங்கே கோளாறு?

பயத்தைத் தோலிலும் நல்ல குணத்தை நெஞ்சிலும் தனித்தனியாக வைத்ததில்தான் கோளாறு. கொம்பு, கோரைப்பல், கல் போன்ற தோல் எல்லாவற்றையும் வெளியே ஒட்டிவிட்டு, உள்ளே ஒரு சாதுவை உட்கார வைத்தால் அந்தத் தோற்றம் வெறும் முகமூடி ஆகிவிடுகிறது. முகமூடி என்று தெரிந்த நிமிடமே பயம் செத்துவிடும். செத்த பயத்தை, கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் எந்த ஆட்ட நடத்துநராலும் எழுப்ப முடியாது. எனவே நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று: எந்த உறுப்பு அச்சுறுத்துகிறதோ, அதே உறுப்புதான் உதவ வேண்டும். பற்களைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள் என்றால் அந்த இனம் உலகுக்குச் செய்யும் நன்மையையும் பற்களால்தான் செய்ய வேண்டும்.

இயற்கையில் இதற்கு நல்ல பாடங்கள் இருக்கின்றன. மோசமான பாடத்தை முதலில் சொல்கிறேன். பாஸ்கிங் சுறா என்றொரு மீன். மீன்களில் உருவத்தால் இரண்டாவது பெரியது. வாயைத் திறந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். அந்த வாயால் அது வடிகட்டி உண்பதோ கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிரிகளை. செய்தி தெரிந்ததும் ‘அட, இவ்வளவுதானா’ என்று ஆகிவிடுகிறது இல்லையா? பெரும்பாலான கற்பனை இனங்கள் இந்தச் சுறாவின் நிலையில்தான் இருக்கின்றன.

இதற்கு மாறாக மடகாஸ்கரில் வாழும் ஐ-ஐ என்ற விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். லெமூர் வகையைச் சேர்ந்தது. கலைந்த முடி, வௌவாலின் காதுகள், எலும்பு மட்டுமே மிஞ்சியது போன்ற நீண்ட நடுவிரல். இரவில் மரக்கிளையை அந்த விரலால் டொக் டொக் என்று தட்டி, உள்ளே புழு குடைந்த வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று காதால் கேட்டு அறிந்து, துளையிட்டு, அதே விரலால் புழுவை இழுத்து எடுத்துத் தின்கிறது. அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அதைக் கண்டாலே சாவு வரும் என்ற நம்பிக்கையில் சில பகுதிகளில் கண்ட இடத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். விரலும் பயமும் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. இங்கே நமக்கு வேலை இருக்கிறது.

இன்னும் சிறந்த பாடம் பிணந்தின்னிக் கழுகு. முடியற்ற தலை, கூனிய தோள், அழுகலுக்குள் தலையை நுழைக்கும் பழக்கம். அதன் இரைப்பையில் இருக்கும் கடும் அமிலம் ஆந்த்ராக்ஸ் போன்ற நோய்க் கிருமிகளையே செரித்துவிடும். அருவருப்பு எதுவோ அதுவே காவல். அந்தக் காவல் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டுவிட்டோம். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, அவற்றின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகள் 99.9 சதவீதம் அழிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004இல் உறுதியாகி, 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. இடைப்பட்ட காலத்தில் சடலங்கள் தெருநாய்களுக்குத் தீனியாகி, நாய்கள் பெருகின. ஓர் இனம் ஒழிந்த பிறகுதான் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று மற்றவர்களுக்குப் புரிகிறது. ஒரு நீண்ட கதைத்தொடருக்கு இதைவிட நல்ல முதுகெலும்பு கிடைக்காது.

விளையாட்டுகள் இதை எப்படிக் கையாண்டிருக்கின்றன என்று பார்த்தால் பாதி வெற்றிதான். இவ்வகை ஆட்டங்களில் மிகப் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 1981ஆம் ஆண்டு உயிரினத் தொகுப்பு ஒன்றில் ஃபிளம்ஃப் என்ற உயிரி வந்தது. காற்றில் மிதக்கும் ஜெல்லிமீன் போன்ற உருவம். அறநெறியில் முற்றிலும் நல்லது. ஆனால் பார்க்கப் பயமாக இல்லை, சிரிப்பாக இருந்தது. பல ஆண்டுகள் அது கேலிப்பொருளாகவே இருந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு ஓர் அருமையான காரணம் கொடுத்தார்கள்: மனத்தால் பேசும் கொடிய உயிரினங்களின் எண்ண ஆற்றலைச் சிறிது உறிஞ்சித்தான் அது வாழ்கிறது, அதனால் அவற்றின் சதிகள் அதற்குத் தெரிந்துவிடுகின்றன, நல்லவர்களைக் கண்டால் எச்சரிக்கிறது. உணவே உளவு. இந்த யோசனையைப் பயங்கரமான உடலோடு கட்டியிருந்தால் எங்கேயோ போயிருக்கும். 1994 முதல் அதே ஆட்டத்தில் இருக்கும், அரக்க வம்சம் கலந்த டீஃப்ளிங் இனத்துக்கு நேர்ந்தது வேறு. கொம்பும் வாலும் இருந்தும் ஓவியர்கள் அதை அழகாகவே வரைந்து வரைந்து, இன்று அதைத் தேர்ந்தெடுக்கும் பலர் அழகுக்காகவே தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல.

சரி, ஓர் இனத்தைக் கட்டிக் காட்டுகிறேன். கழுகையும் ஐ-ஐயையும் கலந்து வந்தவர்கள். ஈமர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உடலில் முதலில் கண்களைக் கவனியுங்கள். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸ் 1943இலேயே எழுதிவிட்டார்: பெரிய தலை, பெரிய கண்கள், உருண்ட கன்னம் இருந்தால் நம் மனம் அதைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டு உருகிவிடும். உங்கள் இனம் செல்லப்பிராணி ஆவதற்குப் பாதிக் காரணம் ஓவியத்தில் கண்களைப் பெரிதாக வரைவதுதான். ஈமருக்குக் கண்கள் சிறியவை, வேட்டை விலங்குபோல் முன்னோக்கியவை, விளக்கொளி பட்டால் மட்டும் பச்சையாய் மின்னுபவை. கழுத்து நீளம், முடி கிடையாது, தோல் சுருங்கித் தொங்கும். மூக்குக்குப் பதில் திறந்து மூடும் இரண்டு பிளவுகள். கூனித்தான் நடப்பார்கள், நிமிரும்போதுதான் ஏழரை அடி உயரம் தெரியும். இந்த நிமிர்வைக் கதைத்தொடர் முழுவதிலும் இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

கைகளை மட்டும் மனிதக் கைகளைப் போலவே வையுங்கள், நடுவிரல் ஒன்றைத் தவிர. 1970இல் ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி சொன்னது நினைவிருக்கலாம்: மனிதனைப் போலவே இருந்து ஏதோ ஒன்றில் மட்டும் பிசகும் உருவம்தான் அதிகமாகக் கூசவைக்கும். முழு அரக்கனுக்கு மனம் பழகிவிடும். தாயின் கை போன்ற ஒரு கையில் ஒரு விரல் மட்டும் ஒரு சாண் கூடுதலாக நீண்டிருந்தால் எளிதில் பழகாது. குரலும் அப்படித்தான். உறுமல் வேண்டாம். அவர்களிடமிருந்து வரும் ஒலி ஒன்றே ஒன்று: மூச்சை உள்ளே இழுக்கும் நீண்ட முகர்தல்.

இப்போது இந்த உறுப்புகளுக்கு வேலை கொடுப்போம். மூக்குப் பிளவு நோயை முகர்கிறது. ஊரில் கொள்ளைநோய் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பே ஈமர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஊரார் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? ‘இவர்கள் வந்தார்கள், பின்னாலேயே சாவு வந்தது.’ இந்தப் பயம் முட்டாள்தனமானது அல்ல. கண்ணால் கண்டதைக் கோத்துப் பார்த்த நியாயமான முடிவு. ஊராரை மூடர்களாகக் காட்டினால் ஆட்டக்காரர்கள் உடனே ஈமர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், புதிர் முடிந்துவிடும். பயப்படுகிறவர்களுக்கும் ஆதாரம் இருக்கட்டும்.

நடுவிரல் தட்டிப் பார்க்கிறது. நோயாளியின் மார்பில் ஒரு கையை வைத்து, மற்றக் கையின் நீண்ட விரலால் மெல்லத் தட்டுவார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் ஓசை மந்தமாகும். இது கற்பனை மருத்துவம் அல்ல. 1761இல் லியோபோல்ட் ஔவன்ப்ருகர் என்ற மருத்துவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார், இன்றும் மருத்துவர்கள் செய்கிறார்கள். ஊரில் பரவியிருக்கும் பேச்சு வேறு: ‘தட்டித் தட்டி மிச்ச நாளை எண்ணுகிறான்.’ உண்மையைச் சொன்னால், அதுவும் பொய் இல்லை.

வயிறு சடலத்தைத் தின்கிறது. நோயில் இறந்த உடலைப் புதைத்தால் மண்ணிலும் நீரிலும் நோய் தங்கும் என்பது இந்த உலகின் விதி. ஈமர் தின்றால் அது அவரோடு அழிகிறது. ஒவ்வொரு முறையும் அவர் காய்ச்சலில் விழுந்து எழுகிறார், ஆயுளில் கொஞ்சம் குறைகிறது. கொல்வதே இல்லை, ஆனால் இறந்தவரைக் கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அந்த உடலைக் கொடு என்று கேட்கும் நல்லவர்கள். இந்த இடத்தில் ஆட்டக்காரர்களால் சுலபமாகப் பக்கம் எடுக்க முடியாது. நன்மைக்கு விலை இருந்தால்தான் அது ஆட்டத்துக்கு உதவும்.

முதல் சந்திப்பை எப்படி நடத்துவது? போர்க்களத்தில் வைக்காதீர்கள். பகடையை உருட்டச் சொல்லும் சூழல் வந்துவிட்டால் ஆட்டக்காரர்களின் கை தானாக வாளுக்குப் போய்விடும். நான் இப்படி விவரிப்பேன்:

“காவல் நேரம். எதிர்வீட்டின் சன்னலில் விளக்கு எரிகிறது. சன்னலுக்கு வெளியே ஒரு மூட்டை இருப்பதாக நினைத்திருந்தீர்கள். அது மூட்டை இல்லை. கழுத்தை நீட்டித் தலையைச் சன்னல் கம்பிகளுக்கு மிக அருகில் கொண்டுபோகிறது. உள்ளே ஒரு குழந்தை இருமுகிறது. வெளியே இருப்பது மூச்சை இழுக்கிறது, இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிறகு சுவரில் விரலால் எதையோ வரைந்துவிட்டு, எழுந்து, நீங்கள் நினைத்ததைவிட உயரமாக, நடந்து போகிறது.”

இத்துடன் நிறுத்துங்கள். சண்டைக்கும் நேரமில்லை, நட்புக்கும் நேரமில்லை. விடிந்ததும் சுவரில் சாம்பலால் இட்ட ஒரு குறி இருக்கும். மறுநாள் இன்னும் நான்கு வீடுகளில் அதே குறி. அடுத்த சில நாட்களில் அந்த வீடுகளில்தான் ஆட்கள் படுக்கிறார்கள். ‘குறி வைத்துக் கொல்கிறான்’ என்று ஊர் கொதிக்கும். குறி உள்ள வீடுகளை யாராவது வரைபடத்தில் அடையாளமிட்டுப் பார்த்தால், எல்லா வீடுகளும் ஒரே கிணற்றில் நீர் எடுப்பவை என்பது தெரியும். இந்தத் தடயத்தை நான் 1854ஆம் ஆண்டு லண்டன் காலராவிலிருந்து எடுத்தேன்: ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகள் எங்கே என்று விசாரித்து, பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுட்டிக்காட்டினார், அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது, பிறகு அவர் அந்த இறப்புகளை வரைபடத்திலும் குறித்தார். தடயத்தை ஈமர் வாயால் சொல்லவைக்காதீர்கள். ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தால்தான் ‘நாம் அவனைக் கொன்றிருப்போம்’ என்ற குறுகுறுப்பு வரும்.

அடுத்து விதிகள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பயங்கரத் தோற்றம் என்றதும் மிரட்டல் திறனுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். மேசையில் என்ன ஆகும்? கூடுதல் மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அதைத்தான் ஆட்டக்காரர் பயன்படுத்துவார். மூன்றே அமர்வில் உங்கள் கருணை இனம் கடைக்காரர்களை மிரட்டிப் பொருள் வாங்கும் அடியாள் கூட்டமாகிவிடும். நான் அதைத் தலைகீழாக வைப்பேன். ஈமர் ஒருவர் மிரட்ட நினைத்தால் பகடையே வேண்டாம், வெற்றி உறுதி. ஆனால் ஊர் அவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையைப் புள்ளிகளாக எண்ணி வந்தால், அதில் ஒன்று நிரந்தரமாகக் குறையும். எந்நேரமும் கையில் இருக்கும் ஆயுதம், எடுத்தால் நட்டம்.

முகவசியத்தை, அதாவது பிறரைக் கவரும் ஆளுமைக்கான மதிப்பெண்ணை, குறைக்கவும் வேண்டாம். அசிங்கமானவருக்கு ஆளுமை கிடையாது என்பது சோம்பேறி விதி. அதற்குப் பதில் பழைய ஆட்டங்களின் எதிர்வினைப் பகடையைத் தூசு தட்டி எடுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு அடிப்படைத் தொகுப்பில், எதிர்ப்படும் உயிரினம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார்கள். 2 வந்தால் உடனே தாக்குதல், 3 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை குழப்பம், 9 முதல் 11 வரை தாக்காமல் விலகல் அல்லது பேச்சைக் கேட்டல், 12 வந்தால் உற்சாகமான நட்பு. அசுரர்களுக்காக எழுதிய இந்த அட்டவணையை ஊர் மக்களுக்கு உருட்டுங்கள். குழுவில் ஈமர் இருந்தால் 2 கழியுங்கள். கணக்கைப் பாருங்கள்: உடனடித் தாக்குதலுக்கான வாய்ப்பு 36இல் 1 என்பதிலிருந்து 36இல் 6 ஆகிறது, நட்புக்கான வாய்ப்பு பூஜ்யமாகிறது, குழப்பத்துக்கு மட்டும் 36இல் 12 மிஞ்சுகிறது. அந்தக் குழப்பத்தில்தான் நல்ல காட்சிகள் பிறக்கும். ஊர் பழகிவிட்டால் கழித்தலை நீக்கலாம், ஆனால் ஒருபோதும் கூட்டலாக மாற்றாதீர்கள்.

மற்றத் திறன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 அடிக்குள் நோயும் நஞ்சும் அழுகலும் இருப்பதை முகர்வார்கள், என்ன நோய் என்று மூக்குக்குத் தெரியாது. பத்து நிமிடம் தட்டிப் பார்த்தால் ஒருவரின் உடல்நிலையை ஆட்ட நடத்துநர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நோய், நஞ்சுக்கு எதிரான பகடைகளில் இரண்டை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு போதும்.

முகர்தலை மட்டும் விடாமல் பயன்படுத்துங்கள், ஏனென்றால் பழகிய பிறகும் பயத்தை உயிரோடு வைத்திருக்கும் கருவி அதுதான். குழுவில் உள்ள ஈமர் தினமும் படுக்கும் முன் தோழர்களை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போவது வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேலி செய்வார்கள். பிறகு கவனிக்காமல் விடுவார்கள். ஏழெட்டு அமர்வு கழித்து ஒரு நாள், ‘இன்று அவர் உங்கள் அருகில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்’ என்று ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லாதீர்கள். எத்தனை உயிரை அவர் காப்பாற்றியிருந்தாலும் அந்த நொடியில் மேசை அமைதியாகிவிடும். ஈமர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பதை முன்பே நிறுவியிருந்தால் கேள்வி கேட்கவே தயங்குவார்கள்.

ஓர் எச்சரிக்கை, இதை நீங்கள் எந்த இனத்தை உருவாக்கினாலும் பொருத்திப் பாருங்கள். பிணத்தோடு புழங்குவது, ஊருக்கு வெளியே வாழ்வது, தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படுவது என்ற மூன்றையும் ஓர் இனத்தின் பிறவிக் கடனாக எழுதினால், நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அநீதியைக் கற்பனை உலகில் இயற்கை விதியாக நட்டுவிடுகிறோம். எனவே ஈமரில் எல்லாரும் இந்தப் பணியைச் செய்வதில்லை. வயது வந்தபின் விரும்பியவர் சபதம் ஏற்கிறார், விரும்பும்போது கைவிடுகிறார். மற்றவர்கள் குயவர்கள், பாடகர்கள், கப்பல் கட்டுபவர்கள், கடன் கொடுத்து ஏமாந்தவர்கள். ஒட்டுமொத்த இனத்துக்கும் ஒரே குணம் என்ற பழைய வழக்கத்தைப் பெரிய விளையாட்டுகளே கைவிட்டுவருகின்றன. 2020 நவம்பரில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், இனத்தோடு கட்டியிருந்த திறன் மதிப்பெண்களை ஆட்டக்காரர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் விதியைக் கொண்டுவந்தது. 2024ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேட்டில், ஒரு காலத்தில் வெட்டப்படுவதற்கென்றே இருந்த ஓர்க்குகள் என்ற முரட்டு இனத்தார் யாரும் ஏற்று ஆடக்கூடிய பாத்திரங்களாக இடம்பெற்றுள்ளன.

அவர்களுக்குள் சண்டையும் இருக்கட்டும். சபதம் ஏற்றவர்களில் ஒரு தரப்பு முகத்தை மூடிக்கொண்டு போனால் வேலை சுலபம் என்கிறது. இன்னொரு தரப்பு அதைப் பொய் என்று வெறுக்கிறது. மூன்றாவது தரப்புதான் எனக்குப் பிடித்தது: கல்லெறிந்த ஊருக்கு அடுத்த முறை போக வேண்டாம் என்பவர்கள். அவர்கள் யாரையும் கொல்லவில்லை, பழிவாங்கவில்லை. வராமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். கழுகுகள் இல்லாமல் போன கதையை இங்கே கொண்டுவாருங்கள். ஒரு பள்ளத்தாக்கு முழுவதிலும் பத்தாண்டுகளாக ஈமர் யாரையும் காணவில்லை. மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். இப்போது கிணறுகள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. ஆட்டக்காரர்களின் பணி அவர்களைத் தேடிப் போய்த் திரும்ப அழைப்பது. அவர்கள் ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு ஆட்டக்காரர்கள்தான் பதில் வைத்திருக்க வேண்டும். ‘நீங்கள் நல்லவர்கள் ஆயிற்றே’ என்று யாராவது சொன்னால், எதிரே இருக்கும் ஈமர் மூப்பர் சிரிக்கலாம். இல்லையென்றால் நிமிரலாம், கையில் இருக்கும் இரண்டு நிமிர்வுகளில் ஒன்றைச் செலவழிக்க இது நல்ல இடம்.

கடைசியாக, உங்கள் குழுவில் யாராவது ஈமராக ஆட விரும்பினால் ஒருவருக்கு மட்டும் அனுமதியுங்கள். இருவர் வந்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சியாகிவிடுவார்கள், தனிமை போய்விடும். ஆடத் தொடங்கும் முன் அவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சபதம் ஏற்றவரா அல்லது கைவிட்டவரா, கடைசியாகத் தின்றது யாருடைய உடல், எந்த ஊருக்கு இனிப் போவதே இல்லை என்று முடிவு செய்திருக்கிறார். மூன்றாவது பதிலில் வரும் ஊரை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, நான்காவது அமர்வில் குழுவை அங்கே அனுப்புங்கள்.